பாலக்கரையில் எல்லாரும் சுகம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் ஃப்ளூ காய்ச்சல் திருச்சிக்கு வந்து போன கையோடு, காவேரிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலுமாக ஒரு லட்சம் கதவுகளைத் தட்டி, ஒரு லட்சம் பேரின் அபிப்பிராயத்தை என் கையால் எழுதியவள் நான். சரி, லட்சம் கொஞ்சம் அதிகம்தான். இருநூற்றுப் பதினொன்று. அதிலும் முப்பது கதவு திறந்தே கிடந்ததால் தட்டவில்லை. என்னோடு அந்த வேலை பார்த்த வஹீதா தட்டியது நூற்றுப் பதினெட்டே கதவுதான். ஆனால் அந்த நூற்றுப் பதினெட்டையும் அவள் இரண்டாம் முறையும் தட்டினாள், தட்டக் கூடாது என்று சொல்லப்பட்ட பிறகு. அதனால் இது அவள் கதை.

வஹீதா பாலக்கரையில் குடை ரிப்பேர் செய்த அப்துல் சலாமின் இரண்டாவது மகள். அவர்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண். அவள் பள்ளிக்கூடம் போகும்போது அவளுடைய அத்தா பத்தடி பின்னால் ஒரு குடையோடு நடப்பாராம். மழைக்கும் இல்லை, வெயிலுக்கும் இல்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க இம்புட்டுப் படிப்பு?" என்று யாராவது வாயைத் திறந்தால், அவர் மூஞ்சிக்கு நேரே படக்கென்று குடையை விரித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாராம். அந்தக் குடையின் பிடிவாதம் மகளுக்கும் வந்திருந்தது.

பத்தொன்பது வயதில் கல்யாணம். மாப்பிள்ளை நிஜாமுதீன் மலாயாவில், ஈப்போவில், ஒரு துணிக்கடையில் வேலை. கல்யாணத்துக்கு வந்தவர் நாற்பதாம் நாள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிவிட்டார். அந்தத் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் அப்படித்தான் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதுகிறவள் வஹீதா. எந்தக் கடிதமானாலும் முதல் வரி ஒன்றுதான்: "இங்கு நாங்கள் அனைவரும் சுகம். தங்கள் சுகத்துக்கு துஆச் செய்கிறோம்." கூரை பிரிந்து தலையில் விழுந்திருந்தாலும் அதுதான் முதல் வரி. இது யாரும் போட்ட சட்டமில்லை. 'சுகமில்லை' என்று ஆரம்பித்தால் அங்கே இருக்கிறவர் மேற்கொண்டு படிக்கவே பயப்படுவார். ஆண்டவன் கொடுத்ததைக் குறை சொன்னதாகவும் ஆகும். கூரை விஷயம் கடைசிப் பக்கத்தில், விளிம்பில், பொடி எழுத்தில் வரும்.

காய்ச்சல் ஆனியில் வந்தது. ஆடிப்பெருக்குக்குள் ஊரையே படுக்கப் போட்டது. தென்கரை சுகாதார சகாய சங்கம் என்று ஒன்று அப்போது இருந்தது. அவர்கள் பாலக்கரையில் ஒரு பழைய அரிசிக் கிடங்கைப் பிடித்து, இரண்டு பெஞ்சும் ஒரு மருந்து பீரோவும் வைத்து, காய்ச்சல் ஆஸ்பத்திரி திறந்தார்கள். கம்பவுண்டர் அற்புதசாமி தினமும் ஊசி போடுவார். லேடி டாக்டர் டோரதி வாரத்துக்கு மூன்று நாள் வருவார். கிடங்குக்கு எதிரேயும் பக்கத்திலுமே வீடுகள் இருந்ததால், தனியே கடைத்தெருவைத் தாண்டாத பெண்கள்கூட வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நாலு எட்டில் வந்து ஊசி போட்டுக்கொண்டு போனார்கள்.

புரட்டாசியில் சங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு ஆஸ்பத்திரியைத்தான் தொடர்ந்து நடத்த வசதியிருக்கிறது, அதை எங்கே வைப்பது, மக்களையே கேட்போம் என்று. யோசனைக்குச் சொந்தக்காரர் சங்கத்தின் காரியதரிசி ரெங்கராஜ். சென்னையில் புள்ளிவிவரம் படித்தவர். சீமையில் ஆயிரம் பேரைக் கேட்டு ஒரு தேசத்தின் மனசையே சொல்லிவிடுகிறார்கள் என்று கண் பளபளக்கச் சொல்வார். படித்த பெண்களாகப் பார்த்துப் பொறுக்கினார். ஸ்ரீரங்கத்துக்கு நான். பாலக்கரைக்கு வஹீதா. வேலையை ஒழுங்காக முடித்தால் ஒரு சர்டிபிகேட் உண்டு என்றார். அதைக் காட்டினால் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைக்கும் என்று வஹீதாவுக்கு ஒரு ஆசை.

அச்சடித்த ஃபாரத்தில் பெயர், வீட்டில் எத்தனை பேர் என்ற விவரங்களுக்குக் கீழே இரண்டு கேள்வி. 'ஃப்ளூ காய்ச்சலால் உங்கள் குடும்பத்துக்குப் பாதிப்பு உண்டா? உண்டென்றால் என்ன?' 'உங்கள் பகுதிக்கு ஆஸ்பத்திரி அவசியம் என்று கருதுகிறீர்களா?'

"கேள்வியில ஒரு எழுத்து மாறக் கூடாது. அவங்க என்ன சொல்றாங்களோ அதைத்தான் எழுதணும். உங்க மூளையை இங்கேயே வச்சிட்டுப் போங்க" என்றார் ரெங்கராஜ்.

வைத்துவிட்டுத்தான் போனோம்.

ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் ஒரு பெரியவர், கம்பளி போர்த்தி, பல் கிட்டிக்கொள்ள எனக்குப் பதில் சொன்னார்: "பெருமாள் அனுக்ரஹம், க்ஷேமமா இருக்கோம். உள்ள நாலு பேர் படுத்துண்டிருக்கா, அது வேற விஷயம்." நான் 'பாதிப்பு இல்லை' என்று எழுதினேன். பாலக்கரையில் கலீல் பாய் வஹீதாவிடம், "நமக்கென்னம்மா பாதிப்பு? அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் ஐந்து பேர் ஐந்து சுரத்தில் இருமினார்கள். ஆஸ்பத்திரி அவசியமா என்றால், "எங்களுக்கு எதுக்கு? இல்லாத சனத்துக்கு வைங்க" என்றார். மாதா கோயில் பக்கத்து ரோசம்மாள், "ஆண்டவர் புண்ணியத்துல சுகந்தாம்மா" என்று சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம், நிற்கத் தெம்பில்லாமல். அங்கேயும் 'பாதிப்பு இல்லை'. வஹீதாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

கன்டோன்மென்ட் பங்களாக்களுக்கு மட்டும் ஃபாரத்தைத் தபாலில் அனுப்பி, அவர்களே நிரப்பட்டும் என்று விட்டிருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை, தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த சங்கத்தின் மாடியில் எங்களை வைத்துக்கொண்டு ரெங்கராஜ் முடிவை வாசித்தார். பாலக்கரை, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று பாதிப்பு இல்லை. ஸ்ரீரங்கம், நூற்றுக்கு எண்பத்தெட்டு பாதிப்பு இல்லை. கன்டோன்மென்ட், நூற்றுக்கு எழுபது 'மிகுந்த பாதிப்பு'. என்ன பாதிப்பு என்ற இடத்தில் ஒரு துரைசானி இங்கிலீஷில் எழுதியிருந்ததை நானே எட்டிப் பார்த்தேன்: சமையற்காரன் நான்கு நாள் வரவில்லை. அந்தச் சமையற்காரர் பாலக்கரைக்காரர். அவர் வீட்டில் 'சுகம்'.

"ஆகவே ஆஸ்பத்திரி கன்டோன்மென்ட்டுக்கு மாறுது. சனிக்கிழமை வண்டி வந்து சாமானை ஏத்தும்" என்று ரெங்கராஜ் காகிதத்தை மடித்தார்.

எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. ஸ்ரீரங்கத்துக்கு வேறு வைத்தியர்கள் இருந்தார்கள். வஹீதாவுக்கோ வீட்டிலேயே ஆள் இருந்தது. அவள் அக்கா கமருன்னிசா, ஆறு மாதக் கர்ப்பிணி. புருஷன் சிங்கப்பூரில். காய்ச்சல் விட்டும் விடாமல் மார்ச்சளியாகி, டாக்டர் டோரதி பென்சிலின் எழுதியிருந்தார். பதினான்கு நாள், விடாமல் பதினான்கு ஊசி. நடுவில் விட்டால் இரண்டு உயிருக்கும் பொறுப்பில்லை என்று சொல்லியிருந்தார். நான்கு ஊசி ஆகியிருந்தது. கிடங்கு வரைக்குமே மூன்று இடத்தில் சுவரைப் பிடித்து நின்றுதான் வருவாள். கன்டோன்மென்ட்டுக்கு யார் தூக்கிக்கொண்டு போவது?

வஹீதா வீட்டுக்குப் போனபோது கமருன்னிசா கடிதம் எழுதச் சொன்னாளாம்.

"எழுதுடி. இங்கு நாங்கள் அனைவரும் சுகம்…" இருமல். "தங்கள் சுகத்துக்கு…" மறுபடியும் இருமல்.

வஹீதாவின் பேனா நின்றது. "அக்கா, நான் ஃபாரம் எடுத்துக்கிட்டு வந்தன்னைக்கு நீ என்ன சொன்னே?"

"சுகம்னு சொன்னேன்."

"அன்னைக்கு உனக்குக் காய்ச்சல் நூத்திமூணு."

"வாசல்ல வந்து நின்னு கேட்டா வேற என்னடி சொல்லுவாங்க? எனக்கு மவுத்து வரப்போவுதுன்னா?"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வஹீதா ஸ்ரீரங்கத்துக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "அமிர்தம், ஆஸ்பத்திரியை மூடினது ரெங்கராஜ் சார் இல்ல. நான்தான். தெருவே லெட்டருக்கு முதல் வரி சொல்லிச்சு. நானும் அதையே எழுதிக் கொடுத்துட்டேன். தினம் லெட்டர் எழுதுற எனக்கே தெரியலியே!" என்றாள். பிறகு பையிலிருந்து கோடு போட்ட ஒரு நோட்டை எடுத்தாள். "இன்னொரு தடவ போறேன். சாட்சிக்கு நீ வா."

"கேள்வியை மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே?"

"மூளையையும் வச்சிட்டுப் போகச் சொன்னாரு. இந்தத் தடவ எடுத்துட்டுப் போறேன்."

முதல் வீடு ஹாஜிரா மாமியுடையது. பீடி சுற்றுகிறவர். குரல் இரண்டு தெருவுக்குக் கேட்கும். எங்களைக் கண்டதும், "என்னா வஹீதா, மறுபடியும் காகிதமா? சுகந்தான்னு எழுதிக்கிட்டுப் போ! ஒரு தடவ சொன்னா வெளங்காதா சர்க்காருக்கு?" என்றார்.

"சர்க்கார் இல்ல மாமி. நான் சுகமான்னே கேக்கல. உங்க பீடி முறம் எத்தனை நாள் சுவத்துல சாஞ்சிருந்துச்சு?"

மாமிக்குக் கோபமே வந்துவிட்டது. "அதை ஏன் கேக்குறே? பதினேழு நாளு! எலையெல்லாம் காஞ்சு நொறுங்கிப்போச்சு. கடைக்காரன் வாசல்ல நின்னு கத்துறான், எந்திரிச்சுப் பதில் சொல்லக்கூட எனக்கு…"

"அடுப்பு?"

"ஆறு நாள் எரியல. பக்கத்து வூட்டுக் கஞ்சி. ஏழாம் நாள் அவங்களும் படுத்துட்டாங்க."

வஹீதா எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள். "நோன்புப் பெருநாளுக்கு வீட்டுல எத்தனை பேருக்குச் சட்டை தச்சீங்க மாமி?"

"அஞ்சு பேருக்கு."

"அடுத்த பெருநாளுக்கு?"

மாமி ஐந்து விரலையும் விரித்துப் பார்த்தார். சுண்டுவிரலை மெல்ல மடக்கினார். முதல் ஃபாரத்தில் இந்த வீட்டுக்கு 'பாதிப்பு இல்லை' என்று இருந்தது. 'வீட்டில் எத்தனை பேர்' என்று கேட்டபோது நான்கு என்று சொல்லியிருந்தார். அது பொய்யுமில்லை.

நான்கு நாளில் நூற்றுப் பதினெட்டு வீடும் முடித்தோம். பீடி சுற்றாத வீட்டில், செயற்கை வைரம் பட்டை தீட்டும் பட்டறைக் கல் எத்தனை நாள் சும்மா கிடந்தது, கடை எத்தனை நாள் பூட்டியிருந்தது என்று கேட்டாள். கிறிஸ்தவர் வீட்டில் பெருநாளுக்குப் பதில் கிறிஸ்துமஸ். எந்த வீட்டிலும் சுகமா என்று அவள் கேட்கவில்லை. எந்த வீட்டிலும் கொட்டித் தீர்க்காமல் எங்களை விடவுமில்லை. நான் அந்த நாலு நாளில் எழுபது டம்ளர் தேத்தண்ணீர் குடித்தேன் என்று வீட்டில் சொன்னேன். அதில் ஒரு நாற்பது மெய். கடைசியில் வஹீதா கூட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றேழு வீட்டில் ஒரு நாளாவது அடுப்பு எரியவில்லை. நூற்றுப் பதினெட்டு வீட்டிலுமாக, அடுத்த பண்டிகைக்கு மொத்தம் ஐந்து சட்டை குறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பகலில் நோட்டோடு சங்கத்து மாடிக்குப் போனோம். ரெங்கராஜ் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "கேள்வியை மாத்திட்டீங்களேம்மா. இது கணக்குல சேராது" என்றார்.

"பதில் மெய்யா இல்லியா, அதைச் சொல்லுங்க சார்."

"மெய்யா இருக்கலாம். இன்னைக்கு நீங்க நல்லதுக்கு மாத்துவீங்க. நாளைக்கு இன்னொருத்தர் கெட்டதுக்கு மாத்துவார். அப்புறம் எதை நம்பறது?"

"அப்படின்னா கேள்வியை அச்சுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி எங்க தெருவுக்கு ஒரு நடை வந்திருக்கணும் சார். வாசல்ல நின்னு ஒரு பொம்பளகிட்ட 'உனக்குப் பாதிப்பா'ன்னு கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு எங்க தெருவுல ஆறு வயசுப் புள்ளைக்குத் தெரியும்."

"அவங்க அபிப்பிராயத்தை அவங்கதானே சொன்னாங்க? நான் சொல்லலியே?"

"அது அபிப்பிராயம் இல்ல. மரியாதை. நீங்க எங்க மரியாதையைக் கூட்டிப் பெருக்கி நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணுன்னு எழுதிட்டீங்க."

ரெங்கராஜின் முகம் சிவந்தது. "இதுக்கு மேல பேசினா சர்டிபிகேட் கொடுக்க முடியாதும்மா. விதியை மீறினவங்கன்னு பேரை எடுக்க வேண்டி வரும்."

"எடுங்க. எங்கக்காவுக்கு இன்னும் ஆறு ஊசி பாக்கி. சர்டிபிகேட்டைக் கரைச்சு ஊசில ஏத்த முடியாது."

அவர் மேசைமேல் நோட்டை வைத்தாள். முதல் முறை எழுதிய ஃபாரம் எல்லாவற்றிலும் தன் கையெழுத்துக்குக் கீழே 'இது தவறு, வஹீதா' என்று எழுதித் தரச் சம்மதம் என்றாள். மாடிப்படி இறங்கும்போது நான் திரும்பித் திரும்பி மேலேயே பார்த்தேன். அவள் திரும்பவில்லை. எனக்கும் சேர்த்து அவள்தான் படியைப் பார்த்து இறங்கினாள்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் இந்த வட்டாரத்தில் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நாங்கள் போனதும் ரெங்கராஜ் நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் புருவத்தைச் சுருக்கினார். பத்தாம் பக்கத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டைக் கணக்குக்கு வந்ததும் பொலபொலவென்று கண்ணீர் விட்டு, அது மசியில் விழுந்து, நோட்டின் பாதி எழுத்து கரைந்தே போயிற்று. சிவப்புப் பேனாவை எடுத்து உத்தரவை ரத்து செய்தார். சனிக்கிழமை விடிவதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் அவரே வந்து வாழைமரம் கட்டினார். தொட்டியத்து வாழை, குலை தள்ளியது.

ஆஸ்பத்திரி அறுபத்திரண்டு வரைக்கும் அதே கிடங்கில் இருந்தது. கமருன்னிசாவுக்குப் பதினான்கு ஊசியும் ஆயிற்று. தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. வஹீதாவுக்கு சர்டிபிகேட் வரவே இல்லை. டீச்சர் வேலையும் இல்லை. தெருப் பெண்களுக்குத் தன் வீட்டிலேயே எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் எழுதிய கடிதங்களில் முதல் வரி நிஜமாக இருக்கும் என்று ஊரில் தெரிந்துபோயிற்று. ஒருமுறை, "இங்கு எனக்குச் சுகமில்லை, கோபம்" என்று ஈப்போவுக்கு எழுதினாள். நிஜாமுதீன் அடுத்த கப்பலிலேயே வந்து இறங்கினார், அறுபதில். அப்புறம் திரும்பிப் போகவில்லை. மாமனாரின் குடைக் கடையைப் பார்த்துக்கொண்டார்.

இதை எழுதி முடித்து வஹீதாவுக்கே வாசித்துக் காட்டினேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். வாழைமரம் வந்த இடத்தில் கையைத் தூக்கினாள்.

"நிறுத்து அமிர்தம். அவரு அழுவல. அந்த நோட்டை அவரு தொறக்கவே இல்ல. சனிக்கிழமை காலைல மாட்டு வண்டி வந்துச்சு. நீ அன்னைக்கு வரல, உங்க வீட்டுல விடல. எங்கக்கா தானா எந்திரிச்சுப் போயி, மருந்து பீரோவுக்குக் குறுக்கால பெஞ்சை இழுத்துப் போட்டு அதுல படுத்துட்டா. வண்டிக்காரரு 'தள்ளிக்கம்மா'ங்கிறாரு. அவ 'எனக்குச் சுகமில்ல, எந்திரிக்க முடியாது'ங்கிறா. ஹாஜிரா மாமி வந்து தரையில உக்காந்தாங்க. அவங்களும் சுகமில்லன்னாங்க, அந்தக் கொரல்ல, ஆம்பளைங்க அவ்வளவு பேரு நிக்கறப்ப. அப்புறம் ஒவ்வொருத்தரா நாப்பத்திமூணு பேரு. டாக்டரம்மா வந்து பாத்துட்டு ஊசியைக் கொதிக்க வைக்கச் சொன்னாங்க. ரெங்கராஜ் சார் ஒம்பது மணிக்கு வந்தாரு, பத்து மணி வரைக்கும் வாசல்ல நின்னாரு, உள்ள வரல. வண்டிக்காரரு மாட்டுக்கு வைக்கோல் போட்டாரு. மத்தியானம் வெறும் வண்டியை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அடுத்த சனிக்கிழமையும் வந்தாங்க. அன்னைக்கு எழுபது பேரு. அப்புறம் வரல. உத்தரவை யாரும் ரத்து பண்ணல. அந்த உத்தரவு இன்னைக்கும் அப்படியேதான் இருக்கும். இதை எழுது."